அண்மைக்கால உலக சினிமாவில் எது புதுமை?

தம்பி, மார்க் கசின்ஸ் இயக்கி 2021இல் வெளிவந்த ‘தி ஸ்டோரி ஆஃப் ஃபிலிம்: எ நியூ ஜெனரேஷன்’ என்ற ஆவணப்படத்தைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர்களுடன் கூடிப் பார்த்ததாகவும், பார்த்து முடித்தபின் மூன்று ஐயங்கள் எஞ்சியதாகவும் எழுதியிருந்தீர்கள். பனிமலையில் நின்று பாடும் கார்ட்டூன் இளவரசியையும் தாய்லாந்தின் மெதுவான கலைப்படத்தையும் ஒரே வரிசையில் வைப்பதற்கு என்ன நியாயம் என்பது முதல் ஐயம். புதுமை என்று அந்தப் படம் கொண்டாடுவது கடைசியில் புதிய கருவிகளைத்தானா என்பது இரண்டாவது. கைபேசியில் தமிழ்க் குறும்படம் எடுக்கும் நம் மலேசிய இளைஞர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா என்பது மூன்றாவது. இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும் என்பதால், மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கசின்ஸ் வட அயர்லாந்தில் வளர்ந்தவர். 2004இல் உலக சினிமாவின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். அதை 2011இல் பதினைந்து பகுதிகளும் ஏறத்தாழ பதினைந்து மணி நேரமும் கொண்ட ஆவணத் தொடராக ஆக்கினார். வசூலும் நட்சத்திரங்களும் சினிமாவை முன்னே தள்ளுவதாக நாம் நினைத்தாலும் உண்மையில் அதை நகர்த்துவது புதிய சிந்தனைதான் என்பதே அத்தொடரின் வாதம். நீங்கள் பார்த்தது அதன் தொடர்ச்சி. 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளை இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரே படத்தில் அடக்க முயல்கிறது. 2020இல் வழக்கம்போல் நடக்க முடியாமல் போன கான் திரைப்பட விழா, 2021 ஜூலையில் மீண்டும் கூடியபோது இது அங்கே திரையிடப்பட்டது. நம் நாட்டில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் திரையரங்குகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட காலத்தில், இருட்டறையில் முன்பின் அறியாதவர்களோடு அமர்ந்து படம் பார்க்கும் வழக்கம் திரும்பி வருமா என்ற கவலையோடு தயாரான படம் இது. அதனால்தான் அவருடைய குரலில் ஒரு பேராசிரியரின் நிதானத்தைவிட, பிடித்த ஒன்றைப் பறிகொடுத்துவிடக் கூடாதே என்று பதறுகிறவரின் ஆர்வம் மிகுந்திருக்கிறது.

இளவரசி பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஹாலிவுட்டின் ‘ஜோக்கர்’ படத்தின் நாயகன் நீண்ட படிக்கட்டில் ஆடியபடி இறங்கும் காட்சியையும், ‘ஃப்ரோஸன்’ படத்தில் எல்சா தன் ஆற்றலை இனி மறைக்கப் போவதில்லை என்று பாடும் காட்சியையும் கசின்ஸ் தொடக்கத்திலேயே இணைத்துக் காட்டுகிறார். ஒன்று வன்முறையில் முடியும் கதை, மற்றொன்று குழந்தைகளுக்கான கதை. ஆனால் இரண்டிலும் நெடுநாள் அடக்கப்பட்டிருந்த ஒரு மனிதப் பிறவி கட்டவிழ்ந்து நடக்கிறது. கோடிக்கணக்கானோர் அந்த இரு நடைகளையும் தங்கள் நடையாக உணர்ந்தார்கள். நாடு, வகை, தரம் என்று நாம் போட்டு வைத்திருக்கும் வேலிகளை முதல் சில நிமிடங்களிலேயே நீக்கிவிட்டு, ஒரு காட்சி எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள் என்று சொல்வதற்கான உத்தி அது. படம் முழுவதும் இதே ஒப்பீட்டு முறையில்தான் செல்கிறது. கால வரிசையும் நாட்டு வரிசையும் இல்லாததால் முதல் முறை பார்க்கும்போது தலை சுற்றுவது இயல்பே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆவணப்படத்தில் வருபவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே காலத்தைச் சேர்ந்த மற்ற படங்களையும் சேர்த்துக்கொண்டு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒருவர் சொல்ல வந்த செய்தி ஏற்கெனவே இருக்கும் வடிவத்துக்குள் அடங்க மறுக்கும்போது, அதைப் பொய்யாக்காமல் சொல்வதற்கு அவர் கண்டுபிடிக்கும் வழியே புதுமை. கருவி அந்த வழிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். ஒரு படம் உண்மையிலேயே புதிதா என்று அறிய நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதே கதையை வழக்கமான முறையில் எடுத்திருந்தால் எதை இழந்திருப்போம்? எதையும் இழந்திருக்க மாட்டோம் என்றால், நாம் வியந்தது உழைப்பை மட்டுமே.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலிருந்து வருகிறது. பினாங்கிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் சுமத்ரா. அங்கே மேடான் நகரம், டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கும் ஊர். 1965க்கும் 1966க்கும் இடையில் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டப்பட்டு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அப்படிக் கொன்றவர்கள் தண்டனையின்றி மதிப்போடு வாழ்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களோ வாய் திறக்க அஞ்சின. வழக்கமான ஆவணப்படம் என்ன செய்யும்? சாட்சிகளை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கும், பழைய நிழற்படங்களைக் காட்டும். சாட்சி சொல்ல முடியாத இடத்தில் அந்த வடிவம் செத்துப்போகிறது. ஜோஷுவா ஓப்பன்ஹைமர் தம் ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தில் (2012) கொலையாளிகளையே அழைத்து, நீங்கள் செய்ததை உங்களுக்குப் பிடித்த சினிமா பாணியில் நடித்துக் காட்டுங்கள் என்றார். அவர்களும் தயங்காமல் முன்வந்தார்கள். மேடானில் கள்ளச் சந்தையில் சினிமா டிக்கெட் விற்று, ஹாலிவுட் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களில் ஒருவரான அன்வர் கோங்கோ, மாடி ஒன்றில் கம்பியைக் கொண்டு எப்படிக் கொன்றேன் என்று செய்து காட்டிவிட்டு, அங்கேயே சில அடிகள் நடனமும் ஆடுகிறார்.

அதைவிட முக்கியமான காட்சி பிறகு வருகிறது. எடுத்த காட்சியைத் தொலைக்காட்சியில் போட்டு அவரிடமே காட்டுகிறார்கள். அவர் அதைக் கூர்ந்து பார்க்கிறார். அந்த முகம் என்ன சொல்லப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, தாம் வெள்ளைக் கால்சட்டை அணிந்திருந்தது பொருந்தவில்லை என்று குறைப்படுகிறார். அந்த ஒரு குறைகூறலில் எத்தனை ஆண்டுப் பழக்கம் ஒளிந்திருக்கிறது என்பதை எந்தப் பேட்டியும் வெளிக்கொண்டு வந்திருக்காது. பின்னர் பலியானவரின் வேடத்தில் அவரே நடிக்கும்போதுதான் அவருக்குள் ஏதோ பிசகத் தொடங்குகிறது. இறுதியில் அதே மாடிக்குத் திரும்பிச் செல்லும் அவருடைய உடல் குமட்டுகிறது. படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இந்தோனேசியக் கலைஞர்கள் பலர் ‘பெயரிலி’ என்றே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். பெயர் வெளிவந்தால் உயிருக்கு ஆபத்து. இந்தப் படத்தை வழக்கமான முறையில் எடுத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலே விடை.

அவர் அடுத்து எடுத்த ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ (2014) எனக்கு இன்னும் நெருக்கமானது. ஊர் ஊராகச் சென்று கண்பார்வை சோதித்துக் கண்ணாடி விற்கும் ஆதி என்பவர், தாம் பிறப்பதற்கு முன்பே கொல்லப்பட்ட அண்ணனின் கொலையாளிகளைச் சந்திக்கிறார். கிழவர்களின் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றி, இப்போது தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டபடியே அன்று என்ன நடந்தது என்றும் கேட்கிறார். குரலை உயர்த்துவதில்லை. தந்தை செய்ததை முதன்முறையாக அருகிலிருந்து கேட்கும் ஒரு மகள், என்ன சொல்வதென்று தெரியாமல் ஆதியிடம் மன்னிப்புக் கேட்கிறார். புதிய கேமராவோ கணினி வரைகலையோ இதில் எங்கே இருக்கிறது? கேள்வி கேட்பவர் யார், அவர் எங்கே அமர்ந்திருக்கிறார், அவர் கையில் என்ன தொழில் இருக்கிறது என்பதை மாற்றி அமைத்ததே இதன் புதுமை.

கருவி உண்மையிலேயே உதவிய இடங்களும் உண்டு. ஷான் பேக்கர் 2015இல் ‘டேஞ்சரின்’ படத்தை ஐஃபோன் 5எஸ் கைபேசிகளில், அகலத்திரைக்கான சிறு வில்லையைப் பொருத்தி எடுத்தார். கைபேசியில் எடுத்த படம் என்ற செய்திதான் உலகம் முழுவதும் பரவியது. ஆனால் அந்தக் கதை லாஸ் ஏஞ்சலிஸ் நடைபாதையில் நாள் முழுவதும் நடந்தும் ஓடியும் சண்டை போட்டும் திரியும் இரு திருநங்கைகளைப் பற்றியது. அவ்வேடங்களில் நடித்தவர்களும் திருநங்கைகளே. பெரிய கேமராவும் விளக்குகளும் வந்து இறங்கியிருந்தால் அந்தத் தெரு தன் இயல்பை இழந்திருக்கும். கைபேசியால் அவர்களுக்குப் பின்னால் ஓடவும், பேருந்துக்குள் ஏறவும், சிறு கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கவும் முடிந்தது. இரானில் 2010இல் இருபது ஆண்டுகள் படம் எடுக்கத் தடை விதிக்கப்பட்ட ஜாஃபர் பனாஹி, வீட்டுக்குள் அடைபட்டபடி ‘திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்’ (2011) எடுத்தபோது, தரைவிரிப்பில் ஒட்டுநாடாவால் கோடு போட்டு, எடுக்க முடியாமல் போன படத்தின் வீட்டை நமக்கு விவரித்துக் காட்டினார். அதன் ஒரு பகுதியை எடுத்த கைபேசி அங்கே ஒரு வசதியாக வரவில்லை, வேறு வழி இல்லாததால் வந்தது. லூசியன் காஸ்டைங்-டெய்லரும் வெரேனா பாரவெலும் ‘லெவையத்தன்’ படத்துக்காக (2012) மீன்பிடிக் கப்பலில் சிறிய நீர்புகாக் கேமராக்களைப் பொருத்தி, தளத்தில் வழுக்கும் மீன்களுக்கிடையிலும் அலைக்கடியிலும் அனுப்பினார்கள். விளக்கவுரையும் பேட்டியும் இல்லாத அந்தப் படத்தில் மனிதனும் மீனும் கடற்பறவையும் ஒரே மதிப்புடைய உயிர்களாகத் தெரிகின்றன.

இவற்றுக்கு நேர்மாறாக லாஸ்லோ நெமெஷின் ‘சன் ஆஃப் சால்’ (2015) பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளில், பழைய குறுகிய சட்டகத்தில் எடுக்கப்பட்டது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பிணங்களை அகற்றக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவனின் முகத்தையும் பிடரியையும் விட்டுக் கேமரா அதிகம் விலகுவதே இல்லை. பின்னணி முழுவதும் மங்கலாகவே இருக்கிறது. அங்கே நடக்கும் கொடுமையை நம் காது கேட்கிறது, கண்ணுக்குக் காட்ட மறுக்கிறார்கள். அந்தக் கொடுமையைத் தெளிவாகப் படம் பிடித்துக் காட்டினால் அது வேடிக்கைப் பொருளாகிவிடும் என்ற அறச்சிக்கலிலிருந்துதான் அந்த மங்கல் பிறந்தது. புதுமைக்குப் புதுக் கருவி தேவையா என்ற உங்கள் ஐயத்துக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது.

இதே அளவுகோலால் சில புகழ்பெற்ற முயற்சிகள் என் மதிப்பில் இறங்கிவிடுகின்றன. வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. பெர்லின் நகரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே காட்சியாக ஓடும் ‘விக்டோரியா’ (2015) விதிவிலக்கு; விடியற்காலையில் ஓர் இளம்பெண் தவறான துணையோடு தவறான திசையில் அடியெடுத்து வைத்தபின் திரும்ப முடியாமல் போவதை, வெட்டு இல்லாத காலமே உணர்த்துகிறது. தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் படங்கள் குறித்துப் பேசப்பட்ட அளவுக்கு இன்னும் நடக்கவில்லை. மாறாக, ஸேவியர் டோலனின் ‘மம்மி’ (2014) படத்தில் சதுரச் சட்டகத்துக்குள் மூச்சுத் திணறும் பையன், மகிழ்ச்சி வந்த கணத்தில் தன் இரு கைகளாலும் சட்டகத்தின் ஓரங்களைத் தள்ளித் திரையை அகலமாக்குகிறான். கேட்டால் விளையாட்டுபோல் தோன்றும். பார்க்கும்போது நெஞ்சு விரிகிறது.

மெதுவான படங்களைப் பற்றி உங்கள் நண்பர்கள் சலித்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். அபிசாட்போங் வீரசேதகுலின் ‘செமட்ரி ஆஃப் ஸ்ப்ளெண்டர்’ (2015) தாய்லாந்தின் கோன்கேன் பகுதியில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடக்கும் படைவீரர்களைக் காட்டுகிறது. கட்டில்களின் அருகே வளைந்த விளக்குக் குழல்கள் மெல்ல நிறம் மாறுகின்றன. அந்த நிலத்தடியில் பழைய அரசர்களின் கல்லறைகள் இருக்கின்றன, அவர்கள் தங்கள் போர்களைத் தொடர்வதற்காக இந்த வீரர்களின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறார்கள் என்று கதையில் சொல்லப்படுகிறது. 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது என்பதை அறிந்து பார்த்தால், அந்த உறக்கம் யாருடையது என்று விளங்கும். திரையரங்கில் அரச கீதத்துக்காகக் கூட்டம் எழுந்து நிற்கும் ஒரு காட்சியில் எந்த இசையும் கேட்பதில்லை. வெளிப்படையாகப் பேச முடியாத நாட்டில் கனவும் நிதானமும் பேச்சின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. இப்படத்தைத் தம் நாட்டில் திரையிடுவதில்லை என்று இயக்குநரே முடிவு செய்தார்.

நம் கோலாலம்பூரே இத்தகைய படமொன்றின் களமாக இருந்திருக்கிறது என்பது உங்கள் வயதினர் பலருக்குத் தெரிவதில்லை. சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்து தைவானில் புகழ்பெற்ற சாய் மிங்-லியாங், ‘ஐ டோன்ட் வான்ட் டு ஸ்லீப் அலோன்’ படத்தை 2006இல் இங்கேதான் எடுத்தார். அடித்துப் போடப்பட்ட நாதியற்ற ஒருவனைக் கட்டுமானத் தொழிலாளி ஒருவன் தன் இடத்துக்குத் தூக்கிச் சென்று, உடலைத் துடைத்து, மெத்தையில் கிடத்திப் பராமரிக்கிறான். கைவிடப்பட்ட பெருங்கட்டடம் ஒன்றின் நடுவே கரிய நீர் தேங்கிக் கிடக்கிறது. நகரத்தைப் புகைமூட்டம் மூடுகிறது. கதை சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நோயாளியைக் குளிப்பாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதை உடலால் உணரச் செய்ய அந்த நிதானம்தான் வேண்டும். தணிக்கை வாரியம் முதலில் தடை செய்து, பிறகு சில வெட்டுகளோடு அனுமதித்த படம் அது. கோலாலம்பூரைக் கோபுரங்களின் நகரமாகவே பார்த்துப் பழகியவர்கள் அதைப் பார்த்தால், தாங்கள் நாள்தோறும் கடக்கும் சந்துகளை முதன்முறையாகக் காண்பார்கள்.

பேய்க்கதை என்ற பழைய வகையும் இந்தக் காலத்தில் புதிய பொருளைத் தாங்கியிருக்கிறது. மாட்டி டியோப்பின் ‘அட்லாண்டிக்ஸ்’ (2019) செனகல் தலைநகர் டக்காரில் நடக்கிறது. வானளாவிய கட்டடம் ஒன்றைக் கட்டிய இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் கூலி கொடுக்கப்படவில்லை. படகேறி ஸ்பெயினுக்குப் புறப்பட்டவர்கள் கடலில் மாள்கிறார்கள். பின்னர் அவர்களுடைய ஆவி ஊரிலிருக்கும் பெண்களின் உடலில் இறங்குகிறது. விழிகள் வெளுத்த பெண்கள் நள்ளிரவில் முதலாளி வீட்டுக்குள் நுழைந்து அமர்ந்து, தர வேண்டிய சம்பளத்தைக் கேட்கிறார்கள். சாமி இறங்கிக் குறி சொல்வதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமே அல்ல, ஆனால் அதைக் கூலிப் பாக்கியோடு இணைத்தது புதிது. நம் நாட்டின் அமாண்டா நெல் யூ ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ படத்தில் (2023) பூப்பெய்தும் பள்ளிச் சிறுமியின் உடல் மாற்றத்தைப் புலியாக மாறும் கதையாக்கி, கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதற்பரிசு பெற்றார். உள்நாட்டில் வெட்டுகளோடு வெளியான வடிவத்தைத் தம் படமாகக் கருத முடியாது என்று அவர் அறிவித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கசின்ஸின் ஆவணப்படத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு படத்திலிருந்தும் ஓரிரு நிமிடங்களை எடுத்து அடுத்ததோடு இணைத்துக்கொண்டே போகும்போது, காட்சியின் அழகு தெரிகிறது, அந்தக் காட்சி எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது என்பது நழுவிவிடுகிறது. மெதுவான படத்தின் இரண்டு நிமிடத் துண்டு அந்தப் படத்தைப் பற்றி ஏறத்தாழ எதையும் சொல்லாது. யார் பணம் போட்டார்கள், எந்தத் தணிக்கை தடுத்தது, எத்தனை ஊர்களில் திரையிட முடிந்தது என்பனவும் வெளியே நின்றுவிடுகின்றன. கருவிகளைத்தான் கொண்டாடுகிறாரோ என்று உங்களுக்குத் தோன்றியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் துண்டுக் காட்சியில் முதலில் கண்ணில் படுவது உத்திதான். ஆயினும் தாம் நேசிக்காத ஒரு காட்சியைக்கூட அவர் உள்ளே விடவில்லை. அந்த நேசத்துக்காகவே நான் அதைப் பிறருக்குப் பரிந்துரைக்கிறேன்.

தமிழில் இதெல்லாம் நடக்கிறதா என்றால், நடக்கிறது. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாம் விழாவின் முதன்மைப் பரிசான புலி விருதைப் பெற்றது. கணவன் வீட்டாரால் வெளியேற்றப்பட்ட தம் சகோதரி குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வீடு திரும்பிய நிகழ்விலிருந்து பிறந்ததாக அவர் கூறியிருக்கும் கதை அது. படத்தில் குடிகாரத் தகப்பனும் மகனும் மதுரை வட்டாரத்துப் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். தாகத்துக்கு எச்சில் ஊறுவதற்காகச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு சேர்ந்ததும் அதை எடுத்து மாடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கிறது. இந்த நடை முதல் நடையல்ல என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருடைய அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ (2024) பின்னணி இசையே இல்லாமல் ஓடுகிறது. காதலை மறக்கடிக்கச் சாமியாடியிடம் அழைத்துச் செல்லப்படும் பெண் ஏறத்தாழ பேசுவதே இல்லை. ஆட்டோவின் இரைச்சலும் காற்றும் உறவினர்களின் கூச்சலும் அவளைச் சுற்றி அடைத்து நிற்கின்றன. அங்கே வயலின் ஒன்று அழுதிருந்தால் நாம் அவளுக்காக இரங்கிவிட்டு நிம்மதியடைந்திருப்போம். அந்த நிம்மதியை இயக்குநர் நமக்குத் தர மறுக்கிறார்.

நம் நாட்டிலும் தொடக்கம் எப்போதோ போடப்பட்டுவிட்டது. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தையும் படிக்கத் துடிக்கும் மகளையும் பாட்டும் சண்டையும் இல்லாமல் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த இந்தியக் குடும்பங்களில், பள்ளிக்கூடத்துக்கு அடங்காத அறிவுள்ள சிறுவன் அப்போய் குண்டர் கும்பலின் பக்கம் சாய்வதைச் சொன்னது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவாக ஒதுக்கியதற்குத் திரைத்துறையினரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்து, ஏற்பாடு மாற்றப்பட்டு, இறுதியில் சிறந்த மலேசியப் படமாக ‘ஜகாட்’ தேர்வானது. தமிழ்ப் படத்தை நாட்டுப் படமாக ஏற்க வைத்ததை எந்த உத்தியைவிடவும் பெரிய புதுமையாக நான் கருதுகிறேன். யாஸ்மின் அகமதின் ‘டாலன்டைம்’ (2009) படத்தில் காது கேளாத தமிழ் இளைஞன் மகேஷின் சைகை மொழியும், மலாயும், தமிழும், ஆங்கிலமும், சீனமும் ஒரே கதையில் அவரவர் வீட்டு இயல்போடு ஒலிக்கின்றன.

ஆகவே உங்கள் குறும்படத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில், தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் வாழும் பாட்டி, இடித்துத் தள்ளப்பட்ட தம் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, பேரனுக்கு விவரிக்கிறார். அதை ட்ரோன் காட்சியில் தொடங்கி, கறுப்பு வெள்ளையில் பழைய நினைவுகளை மறுபடைப்புச் செய்வதாகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். இடம் இல்லாமல் போய்விட்டது என்பதுதான் உங்கள் கதை என்றால், அந்த இடத்தை மீண்டும் கட்டிக் காட்டுவது கதையையே மறுப்பதாகும். பாட்டி எந்த மூலையில் அடுப்பு இருந்தது, எந்தப் பக்கம் ரப்பர்ப் பால் சுமக்கும் காண்டாவாளிகளைக் கழுவிக் கவிழ்த்தார்கள் என்று அடுக்குமாடியின் கூடத்திலேயே நடந்து காட்டினால் என்ன ஆகும் என்று எடுத்துப் பாருங்கள். பனாஹி தரைவிரிப்பில் போட்ட கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நகலெடுக்க வேண்டாம். உங்கள் பாட்டியின் கைகளுக்கு அவற்றுக்கே உரிய அளவைகள் இருக்கும்.

கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை ஒலிவாங்கிக்குத் திருப்புங்கள். கைபேசிப் படங்கள் பெரும்பாலும் காட்சியில் தோற்பதில்லை, ஒலியில்தான் தோற்கின்றன. அடுக்குமாடியில் கேட்கும் மின்தூக்கி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, கீழே ஓடும் எல்ஆர்டி ரயில் ஆகியவற்றை இசையால் மூடிவிடாதீர்கள். பாட்டி பேசும் தமிழில் மலாய்ச் சொற்கள் வந்தால் அப்படியே வரட்டும். சென்னைப் பார்வையாளருக்குப் புரிய வேண்டுமே என்று திருத்தாதீர்கள், அதற்குத்தான் துணைத்தலைப்பு இருக்கிறது.

படப்பிடிப்புக்கு முன் அந்த ஆவணப்படத்தை மறுபடியும் முழுதாகப் பார்க்க வேண்டிய தேவையில்லை. ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ படத்தையும் ‘கூழாங்கல்’லையும் வெவ்வேறு நாளில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். ‘கூழாங்கல்’ ஒன்றே கால் மணி நேரம்தான். பிறகு பாட்டியிடம் கேட்க நினைக்கும் கேள்விகளை எழுதி எனக்கு அனுப்புங்கள், காட்சிப் பட்டியலைப் பிறகு பேசலாம்.